டோக்கியோவுக்கு எத்தனை மணி நேரம்?

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு இசுசு, கோபெல்கோ, டைகின் என்ற ஜப்பான் நிறுவனப் பெயர்கள் நம் வட்டாரப் பேச்சில் கலந்துவிட்டன. வீட்டுப் பிள்ளை பயிற்சிக்கு ஜப்பான் கிளம்பினால், எப்போது ஏறுகிறான், எப்போது இறங்குகிறான் என்றுதான் பெற்றவர்கள் டிக்கெட்டில் முதலில் தேடுவார்கள். ஆனால், அந்த இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்த்தால் பயண நேரம் கிடைக்காது.

சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கும் ஆகாய வழியில் சுமார் 6,500 கிலோமீட்டர். வங்காள விரிகுடா, மியன்மார், தென் சீனா என்று போகிறது அந்தக் குறுக்குவழி. ஆல் நிப்பான் ஏர்வேஸ் 2019 அக்டோபரில் இங்கே நேர் விமானம் விட்டது. அடுத்த ஆண்டே கொரோனாவில் அது நின்றுபோனது.

நேர் விமானம் இருந்தால் போவதற்கு ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 10. உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 1 மணிக்கு ஏறினால் டோக்கியோவில் பகல் 12.30க்கு இறங்கலாம். டிக்கெட்டைப் பார்த்தால் பதினொன்றரை மணி நேரப் பயணம்போலத் தெரியும். அங்கே மாலை 5 மணிக்கு ஏறினால் இங்கே இரவு 11.30. இது வெறும் ஆறரை மணியாகத் தெரியும். ஜப்பான் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி முந்தி ஓடுவதால், சீக்கிரம் முடியும் பயணம் நீளமாகவும், நீளமான பயணம் குட்டையாகவும் டிக்கெட்டில் தோன்றுகிறது.

சரி, ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்? காற்றுதான் காரணம். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலே, குளிர்காலத்தில் சில நாள் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது முதுகில் தள்ளும் அதே காற்று, வரும்போது நெஞ்சில் மோதுகிறது. வசபுரோ ஓஇஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் 1920களில் பலூன் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். படித்தவர்கள் மிகச் சிலர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள். ஓஇஷியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

நேர் விமானம் இல்லாமல் சிங்கப்பூர் வழியாகப் போனால் தூரம் 8,200 கிலோமீட்டரைத் தாண்டும். பறப்பதே சுமார் 11 மணி நேரம், நடுவில் காத்திருப்பது தனி.

வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு 11.30க்கு விமானம் இறங்கினாலும், குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டி எடுத்து, செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை கடந்து பிள்ளை வீடு வந்து சேர இன்னும் மூன்று, நாலு மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை பதறாதீர்கள்.