துவாலு: ரன்வேயில் வாலிபால்

மேப்புல ஃபிஜியைக் கண்டுபிடிங்க. அங்கிருந்து வடக்கே 1,000 கி.மீ. தாண்டினா துவாலு. ஒன்பது தீவு, மொத்தமே 26 சதுர கி.மீ. போகணும்னா முதல்ல ஃபிஜி. அங்கிருந்து வாரத்துல சில நாள் மட்டும் ஒரு சின்ன விமானம். இறங்குறது தலைநகர் ஃபுனாஃபுட்டில. ரன்வே இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கர்கள் போட்டது. சாயங்காலமானா பசங்க அதுலதான் வாலிபால் ஆடுவாங்க, சைரன் அடிச்சா ஒதுங்கிடுவாங்க. வேற இடம் ஏது?

இது பவளத்தீவு. பழைய எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்புல வளர்ந்த பவளம் மட்டும் வளையமா நிக்குதுன்னு டார்வின் சொன்னார். அதைச் சோதிக்க 1890-களில் இங்கேயே 300 மீட்டருக்கும் மேல துளை போட்டாங்க. அவ்வளவு ஆழத்துலயும் எரிமலைப் பாறை தட்டுப்படல, பவளச் சுண்ணாம்புதான்!

அந்தப் பாறை முழுக்க ஓட்டை. அதனால பெரிய ஓதம் வர்றப்போ கடல் கரையைத் தாண்டி மட்டுமில்ல, தரைக்குள்ள இருந்தும் ஊறி வருது. சுவர் கட்டி முழுசா தடுக்க முடியாது.

2023-ல ஆஸ்திரேலியாவோட ஓர் ஒப்பந்தம் போட்டாங்க: வருஷத்துக்கு 280 பேர் அங்க குடியேறலாம், குலுக்கல் முறையில. நாட்டோட மக்கள்தொகை சுமார் 11,000. 2025-ல முதல் குலுக்கலுக்குப் பதிவு பண்ணினவங்க, குடும்பத்தோட சேர்த்து, அதுல பாதிக்கும் மேல.