பின்னோக்கிய இருக்கை



ஹெலிகாப்டர் என்றால் தேர்தல் நேரத்தில் தலைவர்கள் வந்து இறங்குவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் தலைவர் ஏறினால் உட்கார இடம் இருக்காது. முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அங்கிருந்து வால்வரைக்கும் நீளமாக ஓர் உத்தரம். அதன்மேல் இரண்டு என்ஜின்கள், ஆறு இறக்கைகள். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. படத்தில் பார்த்தால் தட்டான்பூச்சி என்பீர்கள். பெயர் எஸ்-64, அமெரிக்காவில் சிகோர்ஸ்கி நிறுவனம் செய்தது. ஸ்கைக்ரேன் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். வேலைக்காலம் முழுவதும் கிரேன்களோடு காலம் தள்ளியவன் நான். அதனால் இது எனக்குத் தரையில் ஊன்றாத ஒரு கிரேன்தான்.

அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்த இகோர் சிகோர்ஸ்கி 1889இல் கீவ் நகரில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஊரைவிட்டு 1919இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939இல் தன் ஹெலிகாப்டரைத் தரையோடு கயிற்றால் கட்டிவைத்து, தானே ஓட்டி மேலே எழுப்பிக் காட்டினார். 1950களில் அவர் மனசு சரக்குப் பக்கம் திரும்பியது. உள்ளே ஏற்றினால் கதவின் அகலம்தான் சரக்கின் அளவு. கீழே தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் அந்தப் பெட்டி உடம்பு எதற்கு? அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் செய்த எஸ்-60, 1959 மார்ச் 25 அன்று பறந்தது. அதிலிருந்தவை பழைய பிஸ்டன் என்ஜின்கள். தூக்கும் சக்தியில் ஒரு பங்கை என்ஜினே தின்றுவிடுகிற சமாசாரம் அது. டர்பைன் என்ஜின் வந்ததும் கதை மாறியது. 1962 மே 9 அன்று எஸ்-64 எழும்பியது. என்ஜின் ஒவ்வொன்றும் 4,500 குதிரைத்திறன். வெறும் எந்திரத்தின் எடை ஏறத்தாழ 8.7 டன், தூக்குகிற சரக்கு 9 டன். பின்னால் வந்த பெரிய வகை 11 டன்னுக்கு மேல் தூக்கியது.

இந்தக் கணக்கை என்னைப்போன்ற ஆட்களிடம் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. எங்கள் கிரேன் 9 டன்னைத் தூரத்தில் நீட்டித் தூக்க வேண்டுமென்றால், பின்னால் எதிர்ப்பாரம் அடுக்க வேண்டும், காலை விரித்து ஊன்ற வேண்டும், காலுக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை போட வேண்டும். மண் அமுங்கினால் எல்லாம் போச்சு.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நேரம் போனாலும் பரவாயில்லை.

அந்தக் கண்ணாடிக் கூண்டில் விமானிகள் இருவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றாவதாக ஓர் இருக்கை, வாலைப் பார்த்தபடி. எதிரே பெரிய கண்ணாடி, கையருகே ஓட்டுவதற்கான தனிக் கருவிகள். கொக்கி மாட்டும்போதும் சரக்கை இறக்கும்போதும் எந்திரம் அந்த மூன்றாவது விமானியின் கைக்குப் போய்விடும். அவர் கண்ணுக்கு நேராகக் கொக்கி, கம்பி, சரக்கு மூன்றும் தெரியும். யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள். அனல்மின் நிலையத்தில் பாய்லர் நிறுத்துகிற வேலையில் பாதித் தூக்கு குருட்டுத் தூக்குதான். கிரேன் ஓட்டுகிறவர் கீழே, சரக்கு கட்டமைப்புக்கு அந்தப் பக்கம், நூறடி மேலே. உச்சியில் ஒருவர், நடுவில் ஒருவர், வாக்கிடாக்கியில் வார்த்தை கைமாறி வரும். எங்கள் கலாசி மேஸ்திரி, வயதில் பெரியவர், புதுசாக வரும் ஆபரேட்டரிடம் சொல்வார்: "தம்பி, நீ சரக்கைத் தேடாத. என் சத்தத்தை மட்டும் கேளு." காற்று அடிக்கிற நாளில் ஒருமுறை வாக்கிடாக்கி கரகரத்து நின்றது. அவர் விசில் ஊதியே ஒரு காற்றுக்குழாயை இடத்தில் உட்கார வைத்தார். கீழே இருந்த ஆபரேட்டர் இறங்கி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. தூக்குகிறவன் கண்ணால் சரக்கைப் பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்தப் பையனைக் கேட்டால் சொல்வான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொங்குகிற சரக்கு ஆடத் தொடங்கினால் பயந்து எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே பின்தொடர்ந்து போய், சரக்குக்கு நேர் மேலே நின்றுகொள்ள வேண்டும். ஆட்டம் தானே அடங்கும். நாங்கள் நகர்த்துவது கிரேனின் கையான பூமை, அவர்கள் நகர்த்துவது முழு எந்திரத்தையும். வித்தை ஒன்றுதான். கீழே கொக்கி மாட்டுகிற ஆளுக்கு மட்டும் எங்களிடம் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. சுழலும் இறக்கைகளால் எந்திரத்தில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் கோலால் முதலில் கொக்கியைத் தொட்டு அதை வடித்துவிடாமல் கை வைத்தால் தூக்கி அடிக்கும்.

வியட்நாம் போரில் விழுந்த விமானங்களில் 380க்கு மேல் இந்த எந்திரங்கள் தூக்கி வந்தன. காட்டை அழித்து இறங்குதளம் உண்டாக்கப் பெரிய குண்டுகளையும் போட்டன. அதை நான் விரிக்கப்போவதில்லை.

டொராண்டோவுக்குப் போவோம். 1975இல் சிஎன் கோபுரம், 553 மீட்டர். உச்சியில் 102 மீட்டர் ஆன்டெனாவைத் துண்டு துண்டாக நிறுத்த வேண்டும். வந்தது ஓல்கா என்று பெயரிட்ட ஸ்கைக்ரேன். முதலில் உச்சியில் நின்ற கட்டுமானக் கிரேனைப் பிரித்து இறக்க வேண்டும். கிரேன் துண்டு முறுக்கிக்கொண்டு போல்ட்டுகள் இறுகிவிட்டன. ஹெலிகாப்டர் கோபுரத்தோடு கட்டுண்ட நிலையில் அந்தரத்தில் நிற்கிறது, எரிபொருள் கரைகிறது. உச்சியில் இருந்த இரும்புத் தொழிலாளர்கள் போல்ட்டுகளைச் சுட்டு அறுத்து விடுவித்தார்கள். ஆறு மாத வேலை என்று மதிப்பிட்டது ஒரு மாதத்துக்குள் முடிந்தது. எல்லாரும் விமானியைப் பாராட்டுவார்கள். நான் கையில் டார்ச்சோடு உச்சியில் நின்றவர்களுக்குத்தான் கும்பிடு போடுவேன்.

1993இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியிலிருந்த வெண்கலச் சிலையைப் பழுதுபார்க்க இறக்கியதும் ஒரு ஸ்கைக்ரேன்தான். நாள், மே 9. எஸ்-64 முதலில் பறந்ததும் அதே மே 9தான்! அக்டோபரில் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், சுருக்குகிறேன். 1992இல் ஓரிகன் மாநிலத்து எரிக்சன் நிறுவனம் இந்த எந்திரத்தின் உரிமையை வாங்கியது. பாதையில்லாத மலைச்சரிவில் வெட்டிய மரம் தூக்குவது அவர்கள் தொழில். பிறகு வயிற்றில் 10,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பொருத்திக் காட்டுத்தீ அணைக்க அனுப்பினார்கள். குளத்தின் மேல் நின்று குழாயை இறக்கினால் ஒரு நிமிடத்துக்குள் தொட்டி நிரம்பும். ஆஸ்திரேலியாவில் எல்விஸ் என்று பெயர் வைத்த ஒன்றைச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு பக்கம் மகனோ மகளோ வேலை பார்க்கும் நேயர்கள் யாராவது இருந்தால் ஓர் உதவி. அங்கே வின்ட்சர் லாக்ஸ் ஊரில் நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த முதல் எஸ்-60 அங்கேதான். பார்க்க வாய்த்தால் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுத்து இந்த நிலைய முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வந்து சேர்ந்துவிடும்.