வலை யாருடையது?

(நாக்பூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் வடகோடிக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தச் சங்கத்தில் நாம் வழக்கமாகப் பேசுவது என்ன? ஒரு பொருள் யாருடைய உழைப்பால் வருகிறது, அதன் பலன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதானே! அந்தக் கணக்கைப் பளிச்சென்று காட்டும் இடம் ஐஸ்லாந்தைச் சுற்றியுள்ள கடல். அதனால்தான் இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் கடலைப் பார்ப்போம். குளிர்ந்த கடலில் மீன் ஏன் குவிந்து கிடக்கிறது? வெப்பக் கடலில் மேல்நீர் சூடேறி லேசாகி மேலேயே நின்றுவிடும். அடியில் தங்கிய உரச்சத்து சுலபமாக மேலே வராது. வடகடலில் மாரிக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. அடிநீர் உரத்தோடு மேலே ஏறுகிறது. வயலை உழுது மண்ணைப் புரட்டுகிற மாதிரிதான். வசந்தத்தில் வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் முளைக்கிறது. பாசியைத் தின்னப் பூச்சி, பூச்சியைத் தின்னச் சிறு மீன், சிறு மீனைத் தின்னக் 'காட்' என்னும் பெரிய மீன். அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் தண்ணீரோட்டமும் ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. அதனால் அங்கே விளைச்சல் அதிகம். நம் வீடுகளில் நோஞ்சான் பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டினார்களே மீனெண்ணெய், அது அந்தக் காட் மீனின் ஈரலில் எடுத்ததுதான்.

இவ்வளவு செல்வம் உள்ள இடத்தில் உழைத்தவன் நிலை என்ன? இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல், கிரிம்ஸ்பி என்று இரண்டு துறைமுகங்கள். அங்கிருந்து இழுவைக் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலுக்குப் போகும். ஒரு பயணம் மூன்று வாரம். வீட்டில் இருப்பது இரண்டு மூன்று நாள். மாரிக்காலத்தில் அலையிலிருந்து தெறிக்கும் நீர் கம்பத்திலும் கயிற்றிலும் பட்டவுடனே பனிக்கட்டியாக உறைந்துவிடும். கோடாரியால் வெட்டி வெட்டித் தள்ளவேண்டும். வெட்டுவதைவிட வேகமாகப் பனி ஏறினால் கப்பல் தலைகனத்துக் கவிழும்.

1968 ஜனவரி, பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் ஹல் நகரத்துக் கப்பல்கள் மூன்று போய்விட்டன. 58 பேர் மாண்டார்கள். மூன்றாவது கப்பலில் ஒரே ஒருவர் பிழைத்தார். முதலில் காணாமற்போன கப்பலில் ரேடியோ இயக்குபவர் என்று தனியாக ஓர் ஆளே கிடையாது. ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! ரயிலில் கார்டு இல்லாமல் வண்டியை அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா?

அங்கே சும்மா இருக்காதவர்கள் பெண்கள். மீன் பதனிடும் கூடத்தில் கூலி வேலை செய்த லில்லியன் பிலோக்கா என்ற அம்மாள் தலைமையில் அவர்கள் திரண்டார்கள். பத்தாயிரம் கையெழுத்து வாங்கினார்கள். துறைமுகத்துக்கே போய், ரேடியோ ஆள் இல்லாமல் எந்தக் கப்பலும் புறப்படக்கூடாது என்று மறித்தார்கள். லண்டனுக்குப் போய் மந்திரிகளைச் சந்தித்தார்கள். பாதுகாப்பு விதிகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பல வருஷம் பேசியும் நடக்காதது சில நாளில் நடந்தது. அந்த அம்மாளுக்குக் கிடைத்த பரிசு என்ன? வேலை போயிற்று. அந்தத் தொழிலில் வேறு எவரும் வேலை கொடுக்கவில்லை. இது நமக்குத் தெரியாத கதை அல்ல.

இனி எதிர்க்கரைக்கு வருவோம். ஐஸ்லாந்து தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறிய தீவு. எரிமலையும் பனியும் மூடிய பூமி. பயிர் குறைவு, மரம் குறைவு. 1944-ல் டென்மார்க்கிடமிருந்து முழுதாகப் பிரிந்து குடியரசானது. 1970களில் மக்கள்தொகை சுமார் 2.2 லட்சம். நம் ஊரில் சில வார்டுகளைச் சேர்த்தால் வரும் கூட்டம். ராணுவமே கிடையாது. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு மீன். மீன் போனால் நாடே போச்சு.

ஆனால் அந்த மீனைப் பிடித்துப் போனது யார்? 1901-ல் பிரிட்டனும் டென்மார்க்கும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்றது அது. ஐஸ்லாந்துக்காரனை யாரும் கேட்கவில்லை. அடிமை நாட்டின் சொத்துக்கு எஜமானர்கள் இருவர் கையெழுத்து!

சுதந்திரம் பெற்றதும் ஐஸ்லாந்து அந்தக் கோட்டைத் தள்ளத் தொடங்கியது. 1952-ல் 4 மைல். பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் ஐஸ்லாந்து மீனைத் தங்கள் துறைமுகத்தில் இறக்கவிடாமல் தடுத்தார்கள். பட்டினி போட்டுப் பணியவைக்கும் பழைய தந்திரம்! சோவியத் யூனியன் அந்த மீனை வாங்கிக்கொண்டது, தந்திரம் பலிக்கவில்லை. 1958-ல் 12 மைல். 1972-ல் 50 மைல். 1975 அக்டோபரில் 200 மைல். இந்தக் கடைசி மூன்று தடவையும் பிரிட்டன் கப்பற்படையை அனுப்பியது. பத்திரிகைகள் இதைக் 'காட் யுத்தம்' என்று எழுதின.

ஐஸ்லாந்திடம் இருந்தது சில காவல் கப்பல்கள்தான். அவர்கள் ஒரு கருவி செய்தார்கள். நங்கூரம் மாதிரி கொக்கி, அதில் கூர்மையான வெட்டுவாய். அதைக் கடலில் இழுத்துக்கொண்டு இழுவைக் கப்பலின் பின்னால் குறுக்கே போனால் வலையை இழுக்கும் இரும்பு வடம் அறுந்துவிடும். வலையும் போச்சு, மீனும் போச்சு. துப்பாக்கிச் சண்டையைவிட முதலாளிக்கு அது வலித்தது. 1973-ல் போர்க்கப்பலோடு மோதிச் சேதமான காவல் கப்பலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஐஸ்லாந்து எஞ்சினியர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். போர் என்று பேர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் சாவது தொழிலாளிதான்.

1974-ல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஐஸ்லாந்து மதிக்கவில்லை. அதற்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? வடக்கே மூர்மான்ஸ்க் பக்கத்திலிருந்து சோவியத் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் வரும் வழி ஐஸ்லாந்தை ஒட்டியே போகிறது. அதைக் கண்காணிக்க கெப்ளாவிக் என்ற இடத்தில் அமெரிக்காவுக்குத் தளம் இருந்தது. மீனை விடமாட்டீர்கள் என்றால் நேட்டோவை விட்டு நாங்கள் விலகுவோம் என்ற பேச்சு எழுந்தது. 1976 பிப்ரவரியில் பிரிட்டனோடு ராஜதந்திர உறவையே முறித்தார்கள். அமெரிக்காவுக்கு வயிறு கலங்கியது. அதே வருஷம் ஜூனில் ஆஸ்லோ நகரில் ஒப்பந்தம்: ஆறு மாதத்துக்கு மட்டும், ஒரே நேரத்தில் 24 பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மேல் கூடாது. அதோடு சரி. ராணுவம் இல்லாத நாடு உலகை ஆண்ட கப்பற்படையை ஜெயித்தது.

நம் இந்தியாவும் அதே 1976-ல் சட்டம் செய்து 200 மைல் பொருளாதார மண்டலத்தைத் தனதாக்கிக்கொண்டது. 1982-ல் ஐ.நா. கடல் சட்டம் அதையே உலகப் பொது விதியாக ஆக்கிற்று. சின்ன நாடுகள் பெற்ற பெரிய வெற்றி இது. நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

தோழர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் கைதட்டிவிட்டு எழுந்திருக்கலாம். முடியவில்லை.

ஹல் நகரத்தில் என்ன நடந்தது? கப்பல்கள் கரையில் நின்றன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. இருபது முப்பது வருஷம் பனிக்கடலில் உழைத்தவர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார்கள். 'நீங்கள் நிரந்தரத் தொழிலாளிகள் அல்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக வேலைக்கு வந்த கேஷுவல் ஆட்கள்' என்ற பதில் வந்தது! கேஷுவல் என்ற சொல்லை ரயில்வேக்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 1974 மே மாத வேலை நிறுத்தத்தில் நமக்கு முந்திய தலைமுறை வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கேஷுவல் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்பது. ஹல் தொழிலாளிகள் விடாமல் போராடி, 2000-ம் ஆண்டில்தான் அரசாங்கத்திடம் ஓர் இழப்பீட்டுத் திட்டத்தைப் பெற்றார்கள். கால் நூற்றாண்டு! அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ.

சரி, ஜெயித்த ஐஸ்லாந்தில்? அந்நியன் போனதும் உள்ளூர்க்காரர்கள் பெரிய கப்பல்களை வாங்கினார்கள். காட் மீன் குறைந்தது. 1984-ல் கோட்டா முறை வந்தது. முந்தைய மூன்று வருஷம் எந்தக் கப்பல் எவ்வளவு பிடித்ததோ அந்தக் கணக்குப்படி அதன் உடைமையாளனுக்கு உரிமை. இலவசமாக! அந்தக் கப்பலில் வலை இழுத்தவனுக்கு ஒன்றுமில்லை. 1990-ல் வந்த சட்டத்தின் முதல் பிரிவு, ஐஸ்லாந்தின் மீன்வளம் தேசத்தின் பொதுச் சொத்து என்கிறது. அதே சட்டம் கோட்டாவை விற்கலாம், வாடகைக்கு விடலாம் என்றும் வழி செய்கிறது. வாசற்படியில் பொதுவுடைமை, கொல்லைப்புறத்தில் வியாபாரம்! கோட்டா கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய கம்பெனிகளிடம் சேர்ந்தது. சின்னக் கடற்கரை ஊர்கள் மீன் கண்ணெதிரே துள்ளியும் பிடிக்க உரிமையில்லாமல் நின்றன. 2007-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, ஐஸ்லாந்து மீனவர் இருவர் கொடுத்த புகாரில், இந்தப் பங்கீடு சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லிற்று.

பிடிப்புக்குக் கடுமையான வரம்பு வைத்ததால் காட் மீன் மீண்டும் பெருகியது. அதை மறைக்க வேண்டியதில்லை. வரம்பு வேண்டும். வரம்புக்குள் கிடைப்பது யாருக்கு என்பதுதான் நம் கேள்வி. 2016 டிசம்பரிலிருந்து 2017 பிப்ரவரி வரை சுமார் பத்து வாரம் ஐஸ்லாந்தின் கப்பல் மீனவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மீனுக்கு என்ன விலை போடுவது, வேலைக்கான உடுப்பு, கப்பலில் சாப்பாடு யார் செலவு என்றெல்லாம் பேரம். 200 மைல் கடலை ஜெயித்த நாட்டில், நாற்பது வருஷம் கழித்து, தொழிலாளி வேலை உடுப்புக்குப் போராட வேண்டியிருந்தது!

வரம்பே வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து சாட்சி. 1977-ல் கனடாவும் 200 மைல் எடுத்தது. அந்நியக் கப்பல் விலகிய இடத்தில் சொந்த நாட்டுக் கம்பெனிக் கப்பல் நுழைந்தது. கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காது கொடுப்பார் இல்லை. 1992 ஜூலையில் அரசாங்கமே காட் மீன்பிடிப்பைத் தடை செய்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. ஐந்நூறு வருஷத் தொழில் ஒரே நாளில் நின்றது. அந்தத் தடையை 2024-ல்தான் நீக்கினார்கள். அதுவும் மிகச் சிறிய அளவுக்கு.

இப்போது கடலே சூடாகிறது. தெற்கே இருந்த கானாங்கெளுத்தி இன மீன் ஐஸ்லாந்து வரை ஏறிப்போய், அதற்கும் நாடுகளுக்குள் சண்டை வந்தது. துருவத்தில் பனி உருகிப் புதுக் கடல் திறக்கிறது. அங்கே வியாபார மீன்பிடிப்பே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் உள்பட பத்துத் தரப்பினர் 2018-ல் கையெழுத்திட்டார்கள். 2021-ல் அமலுக்கு வந்தது. முதலில் 16 வருஷத்துக்கு. மீன் அழிந்த பிறகு அழாமல், வலை போடுமுன்பே நிறுத்தினார்கள். நல்ல காரியம். கெடு முடிந்த பிறகு யார் குரல் ஓங்கும் என்பதைப் பார்க்கவேண்டும்.

இனி நம் வீட்டு விஷயம் ஒரு வார்த்தை. இழுவைமடி நம் கடலுக்கு வந்ததில் வடகடலுக்கும் பங்குண்டு. 1952-ல் நார்வே, ஐ.நா., இந்திய அரசு மூன்றும் கையெழுத்திட்டு, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கின. விசைப்படகு பெருகியது, இறாலுக்காக இழுவைமடி பரவியது. கட்டுமரக்காரர்கள் பல வருஷம் போராடிய பிறகு, 1988-ல் கேரளத்தில் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. நம் பாக் நீரிணையிலோ, 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். பேச நியாயம் உண்டு. நம் மீனவர் சுடப்பட்டும் சிறைப்பட்டும் படும் துயரம் கொஞ்சமல்ல. ஆனால் அடியோடு அள்ளும் மடியால் வலையிழந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். அந்த விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் தமிழன்தான். படகுக்குச் சொந்தக்காரன் பெரும்பாலும் கரையில் இருக்கிறான். கோட்டை மட்டும் பேசி, வலை யாருடையது என்று கேட்காவிட்டால், இரண்டு ஏழைகள் நடுக்கடலில் மோதிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே தோழர்களே, அந்நியனிடமிருந்து கடலை மீட்பது முதல் பாதிதான். மீட்ட கடலில் எவ்வளவு பிடிப்பது, யார் பிடிப்பது, யாருக்குப் பங்கு என்பதைத் தீர்மானிக்கும் மேஜையில் வலை இழுப்பவனுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அது மறுபாதி. கடலுக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் இதே கணக்குத்தான். ரேடியோ ஆள் இல்லாத கப்பலை மறித்து நின்ற அந்த ஹல் நகரத்துப் பெண்கள் எந்த மந்திரியின் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. நாற்காலி தானாக வராது; நாம்தான் இழுத்துப் போட்டு உட்காரவேண்டும்.