'மந்தம்' என்று எழுதும் முன்

(வட்டார வள மையத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்குக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



துத்தநாகம் என்றதும் ஹைட்ரஜன் வாயு தயாரிக்கும் சோதனைதான் உங்களுக்கு நினைவுக்கு வரும். அதே தனிமம் வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கிறது. இரும்பைப் போல இதைச் சேர்த்து வைக்க உடலில் தனிக் கிடங்கு கிடையாது. அன்றாடம் சாப்பாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மனிதருக்கு இந்தக் குறைபாடு வரும் என்று தெரிந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில், பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் 21 வயது இளைஞர் ஒருவரைப் பரிசோதித்தார். பார்வைக்கு அவர் பத்து வயதுச் சிறுவன் போல இருந்தார். புளிக்காத ரொட்டிதான் முக்கிய உணவு, இறைச்சி இல்லை. தினமும் அரைக் கிலோ களிமண் தின்பாராம். கடுமையான இரத்தசோகையோடு மனச் சோர்வும் இருந்தது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்று சொல்லிவிடலாம். வளர்ச்சி ஏன் நின்றது? பிறகு எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களைச் சோதித்தபோது விடை கிடைத்தது. துத்தநாகம் கொடுக்கப்பட்டவர்கள் ஓராண்டில் ஐந்து அங்குலம் போல வளர்ந்தார்கள்.

மூளைக்கு வருவோம். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் மூளை மிக வேகமாக வளர்கிறது. செல்கள் பிரிந்து பெருக நொதிகள் வேண்டும். அவற்றில் பலவற்றுக்குத் துத்தநாகம் இல்லாமல் வேலை ஓடாது. ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. நேற்று நடத்திய பாடம் இன்று நினைவில் நிற்க அது உழைக்க வேண்டும். அங்குள்ள நரம்பு நுனிகளில் நுண்ணிய பைகளுக்குள் துத்தநாகம் இருக்கிறது. ஒரு நரம்பு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும்போது அதுவும் வெளியேறிச் செய்தியின் வலிமையைக் கூட்டிக் குறைக்கிறது. கருவுற்ற விலங்குகளுக்குத் துத்தநாகம் இல்லாத தீனி கொடுத்த ஆய்வுகளில், பிறந்த குட்டிகளுக்குக் கற்றலும் நினைவும் குறைந்தன.

2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 17 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதினரில் 32 சதவீதம் பேருக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. நாற்பது பேர் உள்ள எட்டாம் வகுப்பை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதற்காக மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஜிங்க் மாத்திரை கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. அளவு மிஞ்சினால் தாமிரச் சத்து குறையும். வகுப்பில் தூங்கி வழியும் குழந்தைக்கு இரத்தசோகை இருக்கலாம், கண் பார்வைக் குறை இருக்கலாம், காலையில் பட்டினியாக வந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. வயதுக்கேற்ற உயரமில்லாத, அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும், பல்பமும் சுண்ணக்கட்டியும் தின்னும் குழந்தையை உங்களைப் போல நாள்தோறும் பார்ப்பவர் வேறு யாருமில்லை. பதிவேட்டில் 'மந்தம்' என்று எழுதும் முன் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஒருமுறை எழுதிய சொல் அடுத்த வகுப்புக்கும் கூடவே போகிறது.

சத்துணவு நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை எறிகிற பிள்ளைகள் எத்தனை பேர்? முட்டையில் உள்ள துத்தநாகம் அனேகமாக முழுவதும் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. கொண்டைக்கடலையை ஒதுக்குகிறவர்களும் உண்டு. தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் அது குறையும். நம் இட்லி மாவு அந்த வேலையை இரவோடு இரவாகச் செய்துவிடுகிறது!

இன்னொன்று, பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டியது. வயிற்றுப்போக்கில் துத்தநாகம் வெளியேறிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் தருவது அதனால்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 நாளைக்குத் தருகிறார்கள். இரண்டாம் நாள் போக்கு நின்றதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். தம்பிக்கு வயிற்றுப்போக்கு என்று விடுப்பெடுத்த பிள்ளை திரும்பி வந்தால், மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.