பரியா: நம்மைக் கேட்காமல் கடல் கடந்த சொல்



குற்றால மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘பறயுக’ என்றால் சொல்லுதல். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. தென்காசி வட்டாரத்து நமக்கு அது அந்நியச் சொல் இல்லை. பழந்தமிழிலும் பறைதல் என்றால் சொல்லுதல்தான். பறையர் என்ற பெயரைப் பறை என்னும் கருவியிலிருந்து வந்ததாகக் கொண்டார் கால்டுவெல். எப்படிப் பார்த்தாலும் சொல்லின் வேரில் இழிவு இல்லை. அதைப் பின்னால் ஏற்றியது சாதி.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தார்கள். அதன்பின் இந்தச் சொல் ஐரோப்பிய நூல்களில் ஏறியது. ஒவ்வொரு மொழியும் அதற்கு ஒரு பொருள் கொடுத்தது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்தென் த சேன் பியேர் எழுதிய கதையில், பண்டிதர்களிடம் கிடைக்காத உண்மை ஒரு பரியாவின் குடிசையில் கிடைக்கிறது. 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் போராளி தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பரியா என்று அழைத்துக்கொண்டார். ஜெர்மன் மொழியில் மைக்கேல் பேர் என்ற யூதர் ‘பரியா’ நாடகம் எழுதி, உரிமை மறுக்கப்பட்ட தம் மக்களின் நிலையைச் சொன்னார். போலந்தில் அது 1869இல் ஓர் இசை நாடகமாயிற்று. ஆங்கிலேயரோ நம் தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றும் உலகம் ஒதுக்கிய நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பரியா’ நாடு என்கின்றன.

பரிவோடு எழுதியவர்களும் உண்டு, வசையாக எழுதியவர்களும் உண்டு. இரு சாராருக்கும் அது உவமை. உவமையை வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது கீழே வைக்கலாம். சேரியில் பிறந்தவருக்கு அந்த வசதி கிடையாது. கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அந்தப் பெயர் அவர் முன்னால் போய் நின்றது.

அதனால்தான் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் செய்த காரியம் பெரியது. ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ, அந்தப் பெயரிலேயே உரிமை கேட்டார்.

மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மொழிபெயர்க்கும்போது ‘பரியா’ நாட்டை ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று எழுதுங்கள். வகுப்பில் அந்தச் சொல் வந்தால், அது யாருடைய பெயர் என்று எழுந்து சொல்லுங்கள். பொது இடத்தில் சாதிப் பெயரால் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் எழுதத் துணை நில்லுங்கள்.

நம் பெயருக்கு என்ன பொருள் என்பதை இனி நாம் சொல்வோம். ஜெய்பீம்.