காடு காக்க ஒரு நீதி, விடுதி கட்ட ஒரு நீதியா?

(கல்முனையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அறுகம்பையையும் லகுகலையையும் காண அயல்நாட்டார் வருகின்றனர். அவர்தம் வரவை நாம் வெறுக்கவில்லை. விருந்தோம்பல் நம் மண்ணின் பண்பு. ஆனால், காக்கப்பட்ட காட்டையும் ஏழையின் காணியையும் பலியிட்டா விருந்து படைப்பது? இதுவே நம் கேள்வி.

1980இல் தேசியப் பூங்காவான லகுகலைக் காடு ஏறத்தாழ 1,554 ஹெக்டேயர் மட்டுமே. வறட்சிக் காலத்தில் அதன் குளத்துப் புல்லை நாடி யானைகள் திரள்கின்றன. அவற்றின் வழியை விடுதியின் மதிலும் மின்வேலியும் மறித்தால் அவை எங்கே போகும்? நம் வயலுக்கன்றோ வரும்! விடுதிக்காரர் ஆதாயத்தை எண்ணுவார். உழவன் அழிந்த கதிரை எண்ணுவான்.

பாணமையில் நடந்ததை நாடறியும். 2010 ஜூலையில் ராகம்வெல, சாஸ்திரவெல மக்கள் தம் காணிகளிலிருந்து விரட்டப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. அப்பகுதியில் படைமுகாம்கள் அமைந்தன. கடற்படையின் உல்லாச விடுதியும் எழுந்தது. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் தாளிலே உறங்கிற்று. 2016இல் மக்கள் தாமே காணிக்குள் இறங்க நேர்ந்தது. சிங்களரும் தமிழரும் கலந்து வாழும் ஊர் அது. பறிபோகும் காணிக்கு இனமேது, மதமேது?

சட்டம் இல்லாமலா இக்கொடுமை? இல்லை. தேசியப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் கட்டடம் எழுப்ப முனைவோர் வனசீவராசிகள் பணிப்பாளரின் எழுத்து மூல அனுமதியைப் பெறவேண்டுமென 1993ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாட்களுக்குள் கருத்துரைக்க 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. அதற்கான அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும் என்பது விதி.

ஆயினும், அந்த 30 நாட்களும் நாம் உறங்கினால் சட்டம் என்ன செய்யும்? சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, நில அளவையாளர்களே! அறிவித்தலைப் படித்து உழவனுக்கு விளக்குங்கள். உழவர்களே! உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் பெட்டியில் பூட்டி வைத்தாற் போதாது. யானை வரும் வழி, வாய்க்கால் ஓடும் வழி, மாடு மேயும் தரவை எல்லாம் நீங்கள் அறிந்தவை. அவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

விறகு பொறுக்கியவனைத் தண்டிக்கும் சட்டம், விடுதி கட்டுபவன் முன் வளையலாகாது. காடு காடாக இருக்கட்டும். வயல் வயலாக இருக்கட்டும். இரண்டுக்கும் புறம்பான தகுந்த நிலத்தில், ஊர்மக்களின் இசைவோடு விடுதி எழட்டும். இதைக் கேட்பது நம் உரிமை. கேளாதிருப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.