என்ன கூட்டமுங்க நீங்க?

(கோவையில் இளம் தோழர்கள் கூட்டிய கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிறுதொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பது, இலக்கு வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று பேசச் சொன்னீர்கள். சாதி ஒழிப்பு மேடையில் தன்னம்பிக்கைப் பயிற்சியா என்று இரண்டு தோழர்கள் எனக்கே போன் போட்டுக் கேட்டார்கள். இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. தன்னம்பிக்கை பேச நான் வரவில்லை. கொங்கு மண்டலத்தில் கடன், ஆர்டர், ஜாமீன், நல்ல யோசனை இதெல்லாம் எந்த வாய்க்கால் வழியாகப் போய் யார் வயலில் பாய்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

கணபதிப் பக்கம் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், என்னையும் சேர்த்து நான்கு பேர். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். அருந்ததியர் வளவில் பிறந்து, ஹெல்பராக வேலைக்குப் போய், டர்னராகி, பழைய லேத் ஒன்றை வாங்கிப் பட்டறை போட்டவன். என்னோடு அதே ஆண்டில், அதே கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்த இன்னொருவருக்கு இன்று சொந்த ஷெட்டும் சிஎன்சி மெஷின்களும் இருக்கின்றன. என்னைவிட அவர் சோம்பேறி இல்லை. என்னைவிட உழைப்பாளியும் இல்லை.

பங்காளி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பன் வழி உறவுக்கும் பங்காளிதான், தொழிலில் பங்கு போட்டவருக்கும் பங்காளிதான். இரண்டும் ஒரே ஆளாக இருப்பது இந்த மண்ணில் வழக்கம். குலதெய்வக் கோயில் பொங்கலிலோ கல்யாண மண்டபத்துப் பந்தியிலோ ஒரு பையன் மெஷின் வாங்கப் போகிறான் என்று பேச்சு வரும். பெரியப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுவார். மாமன் ஷெட்டை வாடகைக்கு விடுவார், அட்வான்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம் என்பார். மச்சான் வேலை செய்கிற கம்பெனியில் முதல் ஆர்டர் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அதே பந்தியில் "என்னாச்சுடா உன்ற யூனிட்டு?" என்று நாலு பேர் கேட்பார்கள். பயிற்சி நிலையங்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற இலக்கு, பொறுப்பு, தொடர் கண்காணிப்பு எல்லாம் அந்தப் பந்தியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பந்தியில் நமக்கு இலை கிடையாது.

சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி 2004இல் ஒரு நூல் எழுதினார். உழவர் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் தொழிலாளிகளாக இருந்த கவுண்டர் சாதி ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதுதான் அந்த ஆய்வு. அவர்களிடம் காரணம் கேட்டால் உழைப்பு என்கிறார்கள். உழைத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் நிலமும் சாதி உறவும் இருந்தன. அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சாதியினரின் நிறுவனங்களில் கூடுதலாக மூலதனம் போடப்பட்டிருந்தது. குறைந்த மூலதனத்தோடு வந்த வெளியாட்களின் தொழிலோ வேகமாக வளர்ந்தது. அதாவது பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, சொந்தத்தைத் தேடிப் போனது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெளியாட்களுக்கும் பின்னால் அவரவர் வணிகச் சமூகம் இருந்தது. வளவிலிருந்து போனவர்கள் அந்தக் கணக்கில் உள்ளூரும் இல்லை, வெளியூரும் இல்லை.

அம்பேத்கரே தொழில் செய்து பார்த்தவர்தான், இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் திரும்பி, பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் வந்த பிறகு, பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். கடையை மூடினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கே அந்த நிலை என்றால், ஐடிஐ படித்தவனிடம் போய் "நல்ல இலக்கு வை, நாளை உனதே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இப்போது ஊரெல்லாம் தொழில்முனைவோர் வட்டங்கள் வந்துவிட்டன. வாரம் ஒருநாள் விடிகாலையில் ஓட்டலில் கூடுவார்கள், ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர், ஒருவர் மற்றவருக்கு ஆர்டர் பிடித்துத் தருவார். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பிஎன்ஐ இந்த முறையைத்தான் உலகம் முழுக்கப் பரப்பியது. முறை நல்ல முறைதான். நானும் ஒரு வட்டத்துக்கு விருந்தினராகப் போனேன். எந்த வட்டம் என்பது வேண்டாம். இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார், "எந்த ஊருங்க?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கமுங்க?" சொன்னேன். "என்ன கூட்டமுங்க நீங்க?"

வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு விளக்கம். கொங்கில் கூட்டம் என்றால் குலப்பிரிவு. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. விசிட்டிங் கார்டைக்கூட வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் மழையைப் பற்றி மாறிவிட்டது. இதற்கு வன்கொடுமைச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.

சரி, நாம் என்ன செய்வது? 2021இல், கொரோனா முடக்கம் எங்களைப் புரட்டிப் போட்ட பிறகு, ஒன்பது பேர் கூட ஆரம்பித்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை 10 மணி, என் பட்டறையில். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் பேனர் வரும். லேத்காரர்கள் இரண்டு பேர், தைத்துக் கொடுக்கிற பவர் டேபிள் யூனிட் வைத்திருப்பவர், செருப்பு செய்கிறவர், இட்லி மாவு விற்கிற அக்கா, டெம்போ ஓட்டுகிறவர், பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிற பாய், அயர்ன் கடைக்காரர், ஜெராக்ஸ் கடை நடத்துகிற ஒரு தங்கை. அந்தத் தங்கை ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் பிறந்து, சாதி மறுத்துத் திருமணம் செய்து, பிறந்த வீட்டால் கைவிடப்பட்டவர். பங்காளியை இழப்பது என்றால் என்ன என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கக்கூடியவர் அவர்தான்.

கூட்டம் நடத்துகிற முறையை நாங்கள் பெண்களிடம் கற்றோம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் தீர்மான நோட்டு, வட்டமாக உட்காருவது, வராதவரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான். ஒரு குறையையும் பார்த்தோம். ஊரில் குழுக்கள் தெருவாரியாக அமைகின்றன, தெரு சாதிவாரியாக இருக்கிறது. அதனால் ஒரே சாதியாக இருக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்தோம்.

இன்னொரு முன்னோடியும் உண்டு. 1727இல் பிலடெல்பியாவில் 21 வயது அச்சுத் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின், கைத்தொழில் நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூட்டம் போட்டார். கைவினைஞர்கள் இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரனை வைத்து அதற்குத் தோல் ஏப்ரன் சங்கம் என்றும் பெயர். கேள்விப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். ஊரில் புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர் யார், அவருக்கு நாம் என்ன செய்யலாம் என்பது அதில் ஒன்று. அந்த மனிதரும் பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தவர்தான், அதையும் சேர்த்தே படியுங்கள். எங்கள் செருப்புக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "தோலைக் கட்டிக்கிட்டவன் அங்க சங்கம் வெக்கிறான், இங்க தோலைத் தொட்டவனைத் திண்ணையில ஏத்த மாட்டேங்கறான்" என்றார்.

எங்கள் நோட்டில் மூன்று பத்தி உண்டு. முதல் பத்தியில் மூன்று மாதத்துக்கான ஒரே ஒரு இலக்கு, எண்ணோடும் தேதியோடும். இரண்டாவதில் அதற்கு நான் செய்யப்போவது. கடையில் விற்கிற இலக்குப் புத்தகங்கள் இதோடு நின்றுவிடும். மூன்றாவது பத்தி, யார் தடுப்பார்கள். எங்கள் கூட்டத்தில் பாதி நேரம் அந்தப் பத்திக்கே போகிறது.

டெம்போக்காரர் சொந்த வண்டி வாங்க லோன் என்று எழுதினார். மூன்றாவது பத்தியில் பேங்க் மேனேஜர். ஸ்டேண்ட் அப் இந்தியா திட்டம் 2016இல் வந்தபோதே, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. 35 சதவீத மானியம், உச்ச வரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தனியாகப் போனால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். நாங்கள் மூன்று பேராகப் போனோம். ஒருவர் பேச, ஒருவர் திட்ட அறிக்கையைப் பிரித்து வைக்க, ஜெராக்ஸ் தங்கை என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் நாற்காலி வந்தது. லோன் கிடைக்க ஐந்து மாதம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாவு அக்கா நாளைக்கு 40 கிலோவை 70 கிலோ ஆக்க வேண்டும் என்று எழுதினார். மூன்றாவது பத்தியில் ஒரே வார்த்தை: தெரு. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் பாப்பாள் அம்மா சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அருந்ததியர் கை பட்ட சோறு ஆகாது என்ற ஊரில், மாவு மட்டும் ஆகுமா? பாக்கெட்டில் உங்கள் பெயரைப் போடுங்கள், நிமிர்ந்து விற்போம் என்று எங்களில் இளையவர்கள் சொன்னார்கள். "பேரு போட்டா மாவு ஒரே நாள்ல புளிச்சுப் போயிரும் தம்பி" என்றார் அக்கா. இரண்டு கூட்டம் இதையே பேசினோம். என் கருத்து, பெயரைப் போடுவதும் போடாததும் அவர் முடிவு. நம் கொள்கைக்கு அவர் வயிற்றைப் பந்தயம் வைக்கக் கூடாது. கடைசியில் வீட்டு விற்பனையைக் குறைத்துக்கொண்டு, மெஸ்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வழியைப் பாய் பிடித்துத் தந்தார். 70 வரவில்லை, 62 வந்தது.

எனக்கு வாராக் கடன். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி பெரிய கம்பெனி எனக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்கக் கோவையிலேயே குழுவும் இருக்கிறது. ஆனால் மனு போட்ட மறுநாள் ஆர்டர் நின்றுபோகும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமன் இருப்பவனுக்கு மாமன் பர்ச்சேஸ் மேனேஜரிடம் பேசுவார். எனக்கு யார் பேசுவது? ஒரே கம்பெனியில் பாக்கி உள்ள பட்டறைக்காரர்கள் ஒரே வாரத்தில் மனு போட்டால், அத்தனை பேர் ஆர்டரையும் ஒரே நாளில் நிறுத்த முடியாது. அதுதான் இப்போது நோட்டில் என் இலக்கு. இதுவரை நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.

முன்வரிசைத் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். முதலாளி ஆவதா சாதி ஒழிப்பு? இல்லை. 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்கிறது, எனக்கும் அதில் உடன்பாடுதான். அது வரும்வரை நாங்கள் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. 2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபை போன்றவை தேவைதான். ஆனால் ஒரு லேத் வைத்திருப்பவனின் பிரச்சினைகளுக்கு, நடந்து போகிற தூரத்தில் ஒன்பது பேர் வேண்டும்.

எங்களுக்குள் ஆபத்தும் உண்டு. பவர் டேபிள்காரர் ஒருமுறை பீஸ் ரேட்டில் பத்து பைசா குறைத்து லாபத்தைக் கூட்டுவது என்று எழுதினார். அவரிடம் தைக்கிறவர்கள் நம் வளவுப் பெண்கள். அன்று சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். தொழிலாளியின் கூலியைக் குறைக்கிற இலக்கு நோட்டில் ஏறாது என்று விதி எழுதினோம். அவர் இரண்டு மாதம் வரவில்லை, பிறகு வந்தார். கூலி குறையவில்லை.

சீட்டு நடத்தலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். மறுத்துக்கொண்டே இருக்கிறோம். ஏலச்சீட்டு எடுத்தவன் ஓடினால் காசோடு நட்பும் போகும்.

இப்போது எங்கள் முன் ஒரு பிரச்சினை இருக்கிறது. கவுண்டர் சாதியைச் சேர்ந்த ஒரு லேத்காரர் எங்களோடு சேரக் கேட்கிறார். நிலமும் இல்லை, சொந்தமும் திரும்பிப் பார்ப்பதில்லை, வட்டிக்காரனிடம் மாட்டியிருக்கிறார். ஐந்து பேர் சரி என்கிறோம். நான்கு பேருக்கு மனம் வரவில்லை, செருப்புக்காரர் அதில் ஒருவர். "நான் அவர் ஊட்டு வாசப்படி ஏறட்டும், அப்புறம் அவர் இங்க வரட்டும்" என்பது அவர் நிபந்தனை. லேத்காரரிடம் அப்படியே சொன்னோம். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். வருகிற ஞாயிறு பதில் தெரியும்.

உங்களில் கணக்குப் படித்தவர்கள், சட்டம் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அந்த நான்கு பேருக்கும் பாக்கி பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, வட்டி போட்டு, மனு எழுத இரண்டு ஆட்கள் வேண்டும். பட்டறையில் உட்கார இடம் எண்ணெயாக இருக்கும், பழைய பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள்.